பத்தொன்பதாம் நாளில் கழற்றிய கட்டு

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் கை சிகிச்சை அறையில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த இரண்டு பெரியவர்கள், எங்கள் துறைத் தலைவர், விரிவுரையாளனாகிய நான், இன்று உங்களுக்குத் துறைத் தலைவராகவும் அன்று எனக்குப் பயிற்சி மாணவியாகவும் இருந்த கயல்விழி, ஒரு நாற்காலியில் நோயாளி ஜாகிர், மற்ற நாற்காலிகளில் வேனில் ஏற்றி வந்த பக்கவாத நோயாளிகள். சுவரோரமாக மூன்று விரிவுரையாளர்கள் நின்றார்கள். அவர்களை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். பதிவேட்டின்படி நான்கு வருடமாக அவர்கள் என்னுடன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இல்லாதவர்கள்: ஜாகிரின் மனைவி ஷம்ஷாத். வேனில் இடமில்லை என்று சொல்லி அவரைப் பரங்கிப்பேட்டையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஜாகிரின் கையைத் தைத்த சர்ஜன். அவர் புதுச்சேரியில் இருந்தார். அப்புறம், "முடியாது சார்" என்று சொல்லக்கூடிய ஒரு வாத்தியார். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான்தான்.

ஆக்குபேஷனல் தெரபி சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவங்களை எழுதித் தரும்படி கயல்விழி கேட்டார். நான் வயதாகி ஓய்வு பெற்றவன் அல்ல. 2004-ல் படிப்பு முடித்த கையோடு கற்பிக்கச் சேர்ந்து, 2012-ல் வெளியே வந்தவன். எட்டு வருடத்தில் நல்ல நாட்களும் இருந்தன. கை எழும்பாத குழந்தை முதல்முறையாகத் தன் கையால் இட்லியைப் பிட்டுத் தின்றதைப் பார்த்து வகுப்பே கைதட்டிய நாள் உண்டு. அதையெல்லாம் எழுதினால் படிக்கச் சுகமாக இருக்கும். அதனால்தான் எழுதப்போவதில்லை. எனக்கு இன்னமும் ஆறாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா எங்கே போனாலும் கட்டைவிரலை மையில் அழுத்திவிட்டு, அதைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே வருவார். எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா, "என்னா வேல அது?" என்று கேட்டார். கை கால் வராதவர்களுக்குச் சட்டை போட, சாப்பிட, மறுபடியும் தொழில் பார்க்கப் பழக்கிவிடும் படிப்பு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அவருக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. "தெனமும் கையெழுத்து போடணுமா?" என்றார். வருகைப் பதிவேட்டில் போட வேண்டும் என்றேன். "அப்ப உங் கையெழுத்துக்கு சம்பளம் தர்றாங்கன்னு சொல்லு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரம் இருந்தது கல்லூரி. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. நான் சிதம்பரத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனேன். உண்மையில் பாடம் எடுத்தவர்கள் மூன்று பேர். பதிவேட்டில் ஆறு பேர். மற்ற மூவரும் அவரவர் ஊரில் சொந்தமாக கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் மட்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். அன்று காலை அவர்களில் ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பக்கவாத நோயாளியிடம், "அண்ணே, டிபார்ட்மென்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நோயாளி நல்ல கையால் வழி காட்டிவிட்டு, "புதுசா சார் வந்திருக்கீங்க?" என்றார். "இல்லண்ணே, நாலு வருஷமாவுது." எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நோயாளிகளும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் வேன் போகும். பழைய நோயாளிகளின் சீட்டுகளைத் தேடி எடுத்து, பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம் என்று சுற்றி ஆட்களை ஏற்றி வருவார்கள். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். இதைத் தப்பு என்று அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று பதில் சொல்லியிருப்பேன். நீங்களும் இந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜாகிர் அந்த வேன் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. அன்றைக்கு அவரையும் வேனில் ஏற்றி வந்தார்களே தவிர, அவர் உண்மையான நோயாளி. வாரம் இரண்டு நாள் தவறாமல் மனைவியோடு வருவார். அலுமினிய ஜன்னல் செய்து கண்ணாடி மாட்டும் தொழில். ஒரு பெரிய கண்ணாடி கையிலிருந்து நழுவியபோது அதைப் பிடிக்கப் போய், வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்குகிற தசைநாண்கள் அறுந்துவிட்டன. புதுச்சேரியில் தைத்தார்கள். எங்கள் கல்லூரி பக்கம் என்பதால் பயிற்சிக்கு எங்களிடம் அனுப்பினார்கள்.

அவருக்குக் கத்தாரில் வேலை உறுதியாகி இருந்தது. ஏஜென்டுக்குப் பணம் கட்டி, விசா வந்து, கிளம்பப் போகும் சமயத்தில் இந்தக் காயம். கம்பெனியில் மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். தைத்த தசைநாண் முழுப் பலத்தைத் தாங்குவதற்கும் கிட்டத்தட்ட மூன்று மாதம்தான் ஆகும். ஒரு நாள்கூட வீணாக்காமல் எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஜாகிர் விமானம் ஏறிவிடலாம். முதல் நாளே ஷம்ஷாத் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"மூணு மாசத்துல கை மூடிருமா சார்?"

"சொன்னத சொன்னபடி செஞ்சா மூடிரும்மா."

"செஞ்சிருவோம் சார்."

தைத்த தசைநாண் முதல் ஆறு வாரம் ஈரக் காகிதம் மாதிரி. அசைக்காமலே விட்டால் சுற்றி இருக்கும் சதையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்துவிட்டால் கிழியும். அதனால் கையின் பின்பக்கம் பிளாஸ்டிக் கட்டு போட்டு, நகத்தில் கொக்கி ஒட்டி, ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவோம். நோயாளி விரலை நீட்ட மட்டும் செய்வார். ரப்பர் பேண்ட் அதைத் திரும்ப மடக்கும். மணிக்குப் பத்து தடவை. அவராகப் பலம் கொடுத்து மடக்கவே கூடாது. எதையும் பிடிக்கக் கூடாது. இதை வகுப்பில் நானே ஐந்து வருடம் நடத்தியிருக்கிறேன். பரீட்சைக்குக் கேள்வியும் எடுத்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று தையல் போட்டுப் பத்தொன்பதாவது நாள்.

கைப்பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவி புதிதாக வந்திருந்தது. கிரிப் மீட்டர் என்போம். முள் வைத்த டயல், நடுவில் அமுக்கும் பிடி. அதைப் பெட்டியிலிருந்து பிரித்ததே முந்தின நாள்தான். பெரியவர்களில் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்து, "யூஸ் பண்றீங்களா, ஷோவுக்கா?" என்றார்.

துறைத் தலைவர் சிரித்தார். "டெய்லி யூஸ் சார். தம்பி, இவர வச்சி ஒரு ரீடிங் எடுத்துக் காட்டுங்க."

இவர் என்றால் ஜாகிர். அறையில் இருந்தவர்களில் கை அசைந்தது அவருக்கு ஒருவருக்குத்தான். மற்ற நாற்காலிகளில் பக்கவாதக்காரர்கள்.

"சார், இவருக்கு இப்ப…" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த வாக்கியத்தை என் ஜென்மத்தில் முடிக்கவில்லை.

"லைட்டா. சும்மா ஒரு அமுக்கு. என்னா ஆயிடப் போவுது?"

கயல்விழி ஒரு அடி முன்னால் வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். கையில் நோட்டு. "சார், இன்னும் மூணு வாரம்கூட ஆவலை சார். பத்தொம்பது நாள்தான்."

பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துறைத் தலைவர் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "நீ சும்மா இரு கயல்."

எட்டு வருடம் பாடம் நடத்தினேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தி, நான் கற்றுக்கொடுத்ததைச் சரியான நேரத்தில், சரியான இடத்தில், பயப்படாமல் திருப்பிச் சொன்னாள். ஒரு ஆசிரியனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் அவள் வாயை அடைத்தேன்.

ஜாகிர்தான் எங்கள் எல்லோரையும் காப்பாற்ற வந்தார். "பரவால்ல சார், நான் பண்றேன். கத்தார்ல போயி இதவிட ஜாஸ்தியா அமுக்கணும்ல." பெரியவர்கள் சிரித்தார்கள். நான் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பட்டையைப் பிரித்தேன். கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். கருவியை அவர் கையில் கொடுத்தேன். "மெதுவா" என்றேன். உயரதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளிநாட்டு வேலைக்குத் தான் தயார் என்று காட்டத் துடிக்கும் ஒரு மனிதரிடம் மெதுவாக என்று சொல்வது எவ்வளவு முட்டாள்தனம்! முள் எழுந்தது. பதினொன்றில் நின்றது. கீழே விழுந்தது.

ஜாகிர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "சார், உள்ள என்னமோ பட்டுன்னு வுட்ட மாரி இருக்கு."

"ஒட்டிக்கிட்டு இருந்த சதை வுட்டுடுச்சி" என்றார் துறைத் தலைவர். "நல்லதுதான் அது."

பெரியவர் கருவி உபயோகத்தில் இருப்பதாகக் குறித்துக்கொண்டார். எல்லோரும் அடுத்த அறைக்குப் போனார்கள்.

உங்கள் கையை இப்போது மேசைமேல், உள்ளங்கை மேலே தெரியும்படி, தளர்வாக வையுங்கள். விரல்கள் தாமாகவே கொஞ்சம் மடங்கி நிற்கும். சுண்டுவிரல் கூடுதலாக, ஆள்காட்டி விரல் குறைவாக. ஜாகிரின் கையை நான் அப்படி வைத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மடங்கியிருந்தது, சுண்டுவிரல் மடங்கியிருந்தது. நடுவிலிருந்த இரண்டும் நேராகக் கிடந்தன. கயல்விழியும் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஜாகிருக்கு மட்டும் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் துறைத் தலைவரைத் தனியாகப் பிடித்தேன்.

"அறுந்துடுச்சி சார். இன்னிக்கே புதுச்சேரிக்கு அனுப்பணும். வண்டி குடுங்க."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இவுங்க இங்கதான் இருப்பாங்க. இப்ப பேஷன்ட்ட வண்டியில ஏத்துனா என்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்."

"நாளாச்சின்னா அறுந்த முனை சுருங்கிக்கும் சார்."

"எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்று கேட்டுவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னோட கன்ஃபர்மேஷன் ஃபைல் எங்க இருக்கு தெரியுமா? என் டேபிள்லதான். பொழைக்கிற வழியப் பாரு தம்பி."

அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு வசதி. ஆனால் புதுச்சேரி பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். கையைக் காட்டினால் நிற்கும். ஜாகிரைக் கூட்டிக்கொண்டு நான் ஏறியிருந்தால் யாரும் என் காலைக் கட்டியிருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் வரை அந்த வாசலில் எத்தனையோ பஸ் நின்று போயின. நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவை போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாகிருக்குத் திரும்பக் கட்டைப் போட்டேன். "வீக்கமா இருக்கு. பயிற்சிய கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.

"சரி சார்" என்றார். இடது கையால் சாப்பிட்டு முடித்திருந்தார். "பிரியாணி நல்லா இருந்திச்சி சார்."

அடுத்த வாரம் ஷம்ஷாத்தும் வந்தார். விரல் ஏன் நேராக நிற்கிறது என்று கேட்டார். மெதுவாக வரும் என்றேன். அதற்கடுத்த வாரமும் கேட்டார். மெதுவாக வரும் என்றேன். இதற்கிடையே, அனுமதி கிடைத்துவிட்டதாகக் கல்லூரியில் லட்டு கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் ஜாகிர் சர்ஜனைப் பார்க்க வேண்டிய தேதி வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அறிக்கை போக வேண்டும். துறைத் தலைவர் கயல்விழியின் நோட்டைக் கேட்டார். பயிற்சி மாணவர்கள் தினமும் தாங்கள் பார்த்த நோயாளியைப் பற்றி எழுதும் நோட்டு. அதில் அன்றைய தேதியில் அவள் இருக்கிறபடியே எழுதியிருந்தாள்: பத்தொன்பதாம் நாள், கட்டு அகற்றப்பட்டது, பிடி பலம் சோதிக்கப்பட்டது, நோயாளி உள்ளே அறுந்ததுபோல் உணர்ந்தார், இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து வேறு எழுதச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்.

கயல்விழி நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான சார் சொன்னீங்க, பண்ணதத்தான் எழுதணும், எழுதாதது பண்ணாததுன்னு?"

"அதெல்லாம் கிளாஸ்ல சொல்றது கயல்."

"கிளாஸ்லதான் சார் நான் கத்துக்கிட்டேன்."

நோட்டைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அளவுக்காவது கோழையாக இருந்தேன் என்பதில் இன்று எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ஆனால் அறிக்கையை எழுதினேன். "நோயாளி வீட்டில் தாமாகவே கட்டைக் கழற்றி, கையைப் பயன்படுத்தியுள்ளார். அறிவுரைகளைப் பின்பற்றவில்லை. ஒத்துழைப்பு இல்லை." கீழே கையெழுத்து. கூட்டெழுத்தில், அடியில் கோடு இழுத்து, அழகாகப் போடுவேன். அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று அப்பா சிரித்தாரே, அந்தக் கையெழுத்து.

நம் தொழிலில் ஒத்துழைப்பு இல்லை என்று எழுதுவது எவ்வளவு சுலபம் என்று போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் வராதவர் ஒத்துழைக்காதவர். நாம் சொன்னது புரியாதவர் ஒத்துழைக்காதவர். எத்தனை ஃபைல்களில் அதை எழுதியிருக்கிறோம்! ஒரு ஃபைலிலாவது, நோயாளி நம்மைப் பற்றி ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறோமா? எழுதத் தெரிந்தவன் தப்பு செய்தால், அது எழுதத் தெரியாதவர் பெயரில் பதிவாகிறது. கட்டைவிரலில் மையோடு வளர்ந்த வீட்டிலிருந்து வந்த நான்தான் அதைச் செய்தேன். வேறு யாரோ செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது.

புதுச்சேரி போய்வந்த மூன்றாம் நாள் காலை இருவரும் வந்தார்கள். அறை நிறைய நோயாளிகள், மாணவர்கள். ஷம்ஷாத் உட்காரவில்லை.

"சார், நாங்க என்னைக்கு சார் கட்ட கழட்டுனோம்?"

"வாங்கம்மா, உள்ள போயி பேசலாம்."

"இங்கயே பேசலாம் சார். டாக்டரு படிச்சிக் காட்டுறாரு, நாங்க வீட்டுல கட்ட கழட்டிப்புட்டோமாம். சொன்ன பேச்ச கேக்கலயாம். திரும்ப சரி பண்ணணும்னா ரெண்டு ஆப்ரேஷன் பண்ணணுமாம், நடுவுல மாசக்கணக்குல பயிற்சி இருக்காம். பேச்சு கேக்காதவுங்களுக்கு அதப் பண்ணி புண்ணியம் இல்ல, வெரல அப்படியே வுட்டுட்டு இருக்கறத வச்சி பொழச்சிக்குங்கன்னு அனுப்பிட்டாரு."

ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டு, "விடு புள்ள. சார் என்னா பண்ணுவாரு" என்றார்.

"நீ சும்மா இரு மச்சான்." தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நாள்காட்டித் தாள்கள். தினமும் கிழித்துப் போடுவோமே, அந்தத் தாள்கள். நூல் கட்டி அடுக்கியிருந்தார். மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

"நான் படிக்கல சார். எனக்கு கோடு போடத் தெரியும்."

ஒவ்வொரு தாளிலும் பென்சில் கோடுகள். பத்துப் பத்தாக, வரிசை வரிசையாக. காலைத் தொழுகை முடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை, மணிக்கு ஒரு வரிசை. ஒரு தாளில்கூட வரிசை குறையவில்லை. ஒரு தாளில் குழம்போ என்னவோ கொட்டி, கோடு அழிந்து, மேலே திரும்பப் போட்டிருந்தது. கடைசித் தாளை எடுத்து அவர் என் கையிலேயே கொடுத்தார். அதில் மூன்று வரிசைதான் இருந்தது.

"அன்னைக்கிதான் உங்க வேன் வந்திச்சி. எட்டு மணி வரைக்கும் நான் பண்ண வச்சிருக்கேன். அதுக்கப்புறம் அவரு உங்க கையிலதான சார் இருந்தாரு?"

துறைத் தலைவர் வாசலில் வந்து நின்று, "என்னா கூட்டம்? இவுங்கள அனுப்பிட்டு வாங்க" என்றார்.

"நான்தான் கழட்டுனேன்மா" என்றேன். "அதுலதான் அறுந்திச்சி. எழுதுனது பொய்."

தைரியம் வந்து சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஷம்ஷாத் என்னைத் திட்டவில்லை. "அப்ப அத எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். கயல்விழியிடம் நோட்டைக் கேட்டேன். நோட்டைத் துறைத் தலைவர் முந்தின வாரமே வாங்கிப் பூட்டிவிட்டாராம். ஆனால் தன் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினாள். "ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன் சார். நீங்க என்னைக்காச்சும் கேப்பீங்கன்னு."

மறுநாள் ஜாகிர், ஷம்ஷாத், நான் மூவரும் அதே வாசலில் கைகாட்டி பஸ் ஏறினோம்.

சர்ஜன் முதலில் வந்த அறிக்கையையும் நான் இப்போது எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுது சார்."

"இது?"

"அதுவும் என்னுது சார்."

"எது பொய்?"

"மொதல்ல வந்தது."

"நீ வாத்தியாரா?" என்று கேட்டார். பதில் எதிர்பார்க்கவில்லை. "அன்னைக்கே கொண்டாந்திருந்தா தொறந்து திரும்ப தச்சிருப்பேன். ஒரு வாரத்துல வந்திருந்தாகூட பாத்திருப்பேன். இருபத்தாறு நாள். இருபத்தாறு நாள் இந்தக் கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியா?"

ஆமாம் என்றேன்.

பிறகு ஷம்ஷாத் கொடுத்த தாள்களை எடுத்தார். மேலோட்டமாகப் புரட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்க, கடைசித் தாள் வரை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஜாகிரிடம், "பண்ணலாம்பா. ரெண்டு ஆப்ரேஷன். இவுங்க கூட இருந்தா பண்ணலாம்" என்றார். என் பக்கம் திரும்பாமலே, "நீ வெளிய இரு" என்றார்.

பணியை நிரந்தரமாக்கும் கையெழுத்து கிடைத்தால் நிலைக்கும், கிடைக்காவிட்டால் போனதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த வேலை எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அது அல்ல. மெமோ கொடுத்தார்கள். சிகிச்சை அறைக்குள் நுழையக் கூடாது என்று லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். 2012-ல் என் பெயர் பட்டியலில் இல்லை. கயல்விழியின் பயிற்சிச் சான்றிதழை நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். அவள் அப்பா பண்ருட்டியிலிருந்து எத்தனையோ நடை நடந்துதான் வாங்கினார். எங்கள் துறைத் தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் நீதி தேடாதீர்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அறையில் ஒரு கயல்விழி பேசும்போது, அவளைச் சும்மா இரு என்று சொல்ல உங்களுக்கு வாய் வரும். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் ஃபைல் யாரோ ஒருவர் மேசையில் இருக்கும், எல்லாம் லைட்டாகத்தான் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்பது ஒரு பொருட்டே அல்ல. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேள்வித்தாளே எடுத்திருந்தேன்.

ஜாகிருக்கு முதல் ஆபரேஷனில் தசைநாண் போகும் பாதை மூடிவிடாமல் சிலிக்கோன் குழாய் வைத்தார்கள். சில மாதம் கழித்து, முன்கையிலிருந்து தசைநாண் எடுத்து அந்தப் பாதையில் பொருத்தினார்கள். கோடு போட்ட தாள்கள் மறுபடியும் சேர்ந்தன. நடுவிரல் மடங்குகிறது. மோதிர விரல் பாதிதான் வருகிறது. விசா அதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது. இப்போது கடலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் அளவெடுத்து எழுதும் வேலை. கண்ணாடியைத் தொடுவதில்லை.

என் கடைசி மாதச் சம்பளம் பதினோராயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை போனேன். வேண்டாம் என்பார்கள், நான் வற்புறுத்திக் கொடுப்பேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். ஜாகிர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஷம்ஷாத் கையை நீட்டினார்.

"குடுங்க சார். வேணாம்னு சொல்ற நெலமைல நாங்க இல்ல."

எண்ணி உள்ளே வைத்துவிட்டு வந்து, மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். காகிதம் எதையும் பார்க்கவில்லை. ஏஜென்டுக்குக் கட்டி, திரும்பி வராமல் போனது எழுபதாயிரம். இரண்டு ஆபரேஷனுக்கும் தங்கினதுக்கும் மருந்துக்கும் ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூறு. புதுச்சேரி போய்வர பஸ்ஸுக்கு நாலாயிரத்து இருநூறு. வளையலை அடகு வைத்து மீட்டதில் வட்டி ஒன்பதாயிரத்து ஐநூறு. ஜாகிர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. விரலையும் சேர்க்கவில்லை.

"நீங்க இப்ப குடுத்தத கழிச்சிட்டேன் சார்" என்றார். "ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து முந்நூறு."